பக்கத்துக் கூடாரத்துச் சத்தம்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நான் நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? இந்தக் குளிருக்கு உன் முழங்கால் என்ன சொல்கிறது?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. முப்பது வருஷம் லிஃப்ட் மோட்டாருக்குப் பக்கத்திலேயே நின்று என் காது பாதி போய்விட்டது. நீ போனில் ஐந்து நிமிஷம் பேசினால் பத்து வார்த்தைதான் எனக்கு வந்து சேர்கிறது. மீதிக்கெல்லாம் "சரி, சரி" என்று தலையாட்டி வைத்துவிடுகிறேன். கடிதத்தில் அந்தப் பித்தலாட்டம் வேண்டியதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மே மாத விடுமுறையில் பழையபடி கேம்ப்பிங் போகலாமா? என் வீட்டுக்காரி போன பிறகு மூன்று வருஷம் நீ கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய், நான்தான் மாட்டேன் என்றேன். போன வருஷம் நீ கூப்பிடவில்லை, அலுத்துப்போயிருப்பாய். போன வாரம் பரணில் வேறு எதையோ தேடும்போது கூடாரப் பை கையில் தட்டுப்பட்டது. பிரித்தால் கடைசியாகப் போன இடத்து மண் அப்படியே கொட்டியது. பெருக்கி அள்ளவே எனக்கு அரை நாள் ஆயிற்று.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அன்றைக்கு நீ சொன்னாயே, "உனக்கு நாங்க நாலு பேர் இருக்கோம்டா" என்று. அந்த நாலு பேரை நம்பித்தான் இன்றுவரை காலையில் எழுந்து சட்டை மாட்டுகிறேன். அதனால் ஐந்து பேருக்கு இடம் தேடும் வேலை இந்தத் தடவை என்னுடையது. திரும்பி வரும்போது காரில் நீ குறைப் பட்டியல் வாசிப்பாய், இடம் பார்த்தவன் வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும். நம் வீட்டுச் சட்டம் மறக்கவில்லை. அத்தான் உனக்கு இன்ஸ்பெக்டர் என்று சும்மாவா பெயர் வைத்தார்?

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

தம்பி


ஜனவரி 30

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் கையெழுத்தைப் பார்த்துப் பல வருஷம் ஆயிற்று. இன்னும் கோழி கிளறியது போலத்தான் இருக்கிறது. முழங்கால் பரவாயில்லை. மூத்தவள் வேலை கிடைத்து வெளியூரில் இருக்கிறாள். சின்னவனுக்குக் கடைசி வருஷப் படிப்பு, மும்முரமாக இருக்கிறான். அத்தானும் நலமாகத்தான் இருப்பார்.

என் பாடு வழக்கம்போல. பல் கிளினிக்கில் காலையிலிருந்து சாயங்காலம்வரை போனை எடுத்து, "எங்க வலிக்குது, எத்தனை நாளா வலிக்குது?" என்று கேட்டு நேரம் குறித்துக் கொடுக்கிறேன். வீட்டை மாற்றிவிட்டேன், புது விலாசம் உறையின் பின்னால் இருக்கிறது. இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துச் சுவர்.

நீ போகலாம் என்று கேட்டதே எனக்குப் பெரிய சந்தோஷம். தேடு. ஆனால் சந்தைக் கடை மாதிரி கூட்டம் வேண்டாம். போன தடவை பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் பாடிய பாட்டு இன்னும் என் காதில் இருக்கிறது. ஆளரவமே இல்லாத இடமாகப் பார்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கேயும் அப்படித்தான் என்று நம்புகிறேன். சின்னவன் படிக்கிறானா, படிப்பது போல நடிக்கிறானா?

ஞாயிற்றுக்கிழமை முதல் இடத்தைப் பார்த்துவிட்டேன். அணைக்குப் பின்னால், தண்ணீரை ஒட்டிய மேடு. ரசமட்டத்தைக் கொண்டுபோய் நாலு பக்கமும் வைத்துப் பார்த்தேன், குமிழி நடுவை விட்டு நகரவில்லை. லிஃப்ட் போடும் தளம்கூட இவ்வளவு மட்டமாக இருக்காது. படம் வரைந்து இணைத்திருக்கிறேன். குழாய் எங்கே, கழிப்பறை எங்கே, வெயில் எந்தப் பக்கம் விழும், எல்லாம் குறித்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்டிருப்பது அத்தான் நாற்காலி போட்டுத் தூங்கும் இடம்.

இந்த வாரம் ஒரு வேடிக்கை. ஒரு அலுவலகத்தில் ஒரு பெரியம்மா நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டார். எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. உள்ளே மாட்டியவரிடம் எப்படி மாட்டினீர்கள், எந்தப் பட்டனை அழுத்தினீர்கள் என்றெல்லாம் கேட்கக் கூடாது. "நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, கை வேலை செய்யும்போதே வாய் எதையாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு வேறு பேச்சு வரவில்லை, அணைக்கரை இடத்தை விவரித்தேன். வெளியே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கழிப்பறை சுத்தமா இருக்குமா?" உன் இனம்தான்.

சீக்கிரம் பதில் போடு. நல்ல இடம், யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்கள்.

தம்பி


மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதமும் படமும் வந்தன. எனக்குச் சளி, இப்போது தேவலை. உன் காதுக்கு டாக்டரைப் பார்த்தாயா?

இடம் அழகாகத்தான் தெரிகிறது. ஆனால் குழாய் தொண்ணூறு அடி என்று போட்டிருக்கிறாய், குடம் தூக்கி என் இடுப்பு போய்விடும். தண்ணீரை ஒட்டி இருந்தால் கொசு பிடுங்கும். அந்த ஈரக்காற்றும் ஆகாது. வேறு பார்க்கலாமே, அவசரம் என்ன, மே மாதத்துக்கு இன்னும் நாள் கிடக்கிறது.

உன் படத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறேன். குறை சொன்னாலும் படம் நன்றாக இருக்கிறது.

அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

சளி போய்விட்டதா? நான் நலம். காது டாக்டர் ஒரு மெஷினைக் காட்டினார். மாட்டிப் பார்த்தேன். என் வீட்டில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம்தான். கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது இடம் தயார். சவுக்குத் தோப்புக்குள். குழாய் பன்னிரண்டே அடி. கொசு இல்லை, சட்டையில்லாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சோதித்தேன். சருகு மெத்தை போலக் கிடக்கிறது. மூத்தவள் புத்தகத்தோடு ஒரு மரத்தடிக்குப் போனால் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவாள்.

கூடாரத்தின் வாசலைக் கிழக்கே வைப்பதா, தெற்கே வைப்பதா என்று அத்தானைக் கேட்டு இரண்டு வரி எழுதச் சொல். அந்த விஷயத்தில் அவர் என்னோடு சண்டை போடாமல் ஒரு வருஷமும் போனதில்லை. அந்தச் சண்டை இல்லாமல் கூடாரம் போட்டது போலவே இருக்காது.

தம்பி


ஏப்ரல் 3

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். தாமதத்துக்குக் கோபிக்காதே, கிளினிக்கில் வேலை அதிகம்.

சவுக்குத் தோப்பு யோசிக்க வைக்கிறது. காற்றடித்தால் ஓயாமல் ஊளையிடும். இருட்டாகவும் இருக்கும். நீ எழுதியதைப் பார்த்தால் சுற்றுவட்டாரத்தில் ஒரு மனிதர் இல்லை போலிருக்கிறது. அவ்வளவு அமைதியும் நல்லதில்லை தம்பி. கூப்பிடு தூரத்தில் நாலு குடும்பம் இருந்தால் தேவலை என்று இப்போது தோன்றுகிறது. வாசல் உனக்குப் பிடித்த பக்கம் வைத்துக்கொள்.

மெஷினை ஏன் திருப்பிக் கொடுத்தாய்? வாங்கி மாட்டிக்கொள்.

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ இளைத்திருக்கிறாயோ என்று ஏனோ தோன்றுகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

இன்ஸ்பெக்டர் கேட்டபடியே மூன்றாவது இடம். ஆற்றுத் திருப்பத்தில் பெரிய மைதானம், வரிசையாக இருபத்திரண்டு இடங்கள். வாசலில் ஒரு அம்மா ரிஜிஸ்டரோடு உட்கார்ந்திருக்கிறார். செருப்பைக்கூட எழுதிக்கொண்டுதான் உள்ளே விடுவார். நமக்குப் பதினாறாம் எண்ணைப் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், பெரிய குடும்பத்துக்கு அதுதான் சரி என்றார். படிவம் இணைத்திருக்கிறேன். ஐந்து வரி. ஒவ்வொருவரும் உறவுமுறையும் வயதும் எழுதித் தாங்களே கையெழுத்துப் போட வேண்டும். என் வரியை நிரப்பிவிட்டேன். இருபத்தைந்தாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். இந்த இடங்களை நான் சும்மா பார்த்துவிட்டு வரவில்லை. ஒவ்வொன்றிலும் கூடாரத்தைப் போட்டுப் பார்த்தேன். அது இரண்டு பேர் பிடித்தால்தான் நிற்கும். முன்பெல்லாம் அந்தப் பக்கத்துக் கம்பியை அவள் பிடிப்பாள். இப்போது கார் கதவில் கட்டிவிட்டு இந்தப் பக்கம் ஓடிவந்து பிடிக்கிறேன். அணைக்கரையில் நாலு தடவை என் தலையிலேயே விழுந்தது. பார்ப்பவர்கள் சிரிக்கக்கூட ஆளில்லை. கடைசியில் நின்றதும் உள்ளே போய் உட்கார்ந்தேன். ஆறு பேர் படுக்கும் கூடாரத்துக்குள் ஒற்றை ஆளாக உட்கார்ந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிட்டேன்.

படிவத்தை மறக்காதே.

தம்பி


ஏப்ரல் 26

அக்காவுக்கு,

நலமா? நேற்றோடு தேதி முடிந்துவிட்டது. ரிஜிஸ்டர் அம்மாவிடம் கெஞ்சிப் பத்து நாள் வாங்கியிருக்கிறேன்.

மனதில் இருப்பதை எழுதிவிடுகிறேன். அணைக்கரையில் கொசு, தோப்பில் காற்று, கூட்டம் இருந்தாலும் குறை, இல்லாவிட்டாலும் குறை. அதெல்லாம் சாக்கு என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. அத்தானும் ஒரு வரி எழுதவில்லை. நீங்கள் குடும்பமாகச் சந்தோஷமாகப் போகும் இடத்துக்கு ஒற்றை ஆளான என்னையும் கட்டி இழுத்துக்கொண்டு போவது பாரமாக இருந்தால், நேராகச் சொல்லிவிடு. நான் கோபப்பட மாட்டேன். பையைக் கட்டிப் பரணில் போட்டுவிடுவேன்.

தம்பி


மே 2 தேதி முத்திரையோடு வந்த உறையில் கடிதம் இல்லை. படிவம் மட்டும்.

முதல் வரி: தம்பி. வயது ஐம்பத்து இரண்டு. கையெழுத்து.

இரண்டாம் வரி: அக்கா. வயது ஐம்பத்து ஆறு. கையெழுத்து.

மூன்றாம் வரி:

நான்காம் வரி:

ஐந்தாம் வரி:

வேறு தேவைகள்: பக்கத்துக் கூடாரத்துச் சத்தம் கேட்கிற இடமாக இருந்தால் நல்லது.


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

படிவம் வந்தது. சமையலறை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போகாமல் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். "அத்தானும் நலமாகத்தான் இருப்பார்" என்று எழுதியிருக்கிறாய். "வீட்டை மாற்றிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறாய், மாற்றிவிட்டோம் என்று இல்லை. ஜனவரியிலேயே எழுதிவிட்டாய். நான்தான் ரசமட்டத்தை வைத்துக்கொண்டு மண்ணை அளந்துகொண்டிருந்தேன். போன கடிதத்தில் உன்னை என்னவெல்லாம் எழுதினேன். அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது, அக்கா. கிழித்துப் போட்டுவிடு.

நான் உன்னிடம் ஒன்றும் கேட்கப் போவதில்லை. எங்கள் வேலையின் முறை உனக்குத் தெரியும். நான் இங்கதான் இருக்கேன்.

நேற்று மைதானத்துக்குப் போய்ப் படிவத்தைக் கொடுத்தேன். ரிஜிஸ்டர் அம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "அஞ்சு பேருன்னு சொன்னீங்களே, மிச்சப் பேரு?" என்றார். "ரெண்டு பேருதாங்க" என்றேன். பதினாறாம் எண்ணை அடித்துவிட்டு ரிஜிஸ்டரைப் புரட்டினார். "ரெண்டு பேருக்குன்னா கடைசி வரிசை இருக்கு, ஒருத்தர் தொந்தரவும் இருக்காது" என்றார். "தொந்தரவு இருக்கிற இடமா குடுங்க" என்றேன். இப்படி ஒரு விண்ணப்பம் அவருக்கு வந்ததே இல்லையாம். நாலாம் எண் கொடுத்திருக்கிறார்.

சாப்பிடு. தூங்கு. எழுத முடிந்தால் எழுது, முடியாவிட்டால் வெறும் உறையை அனுப்பு.

தம்பி


மே 13

அன்புத் தம்பிக்கு,

நான் நலமாக இல்லை. இந்த வரியை எழுதவே எனக்கு ஏழு மாதம் ஆகியிருக்கிறது.

அத்தான் போன அக்டோபரில் வீட்டைவிட்டுப் போய்விட்டார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஒரு சனிக்கிழமை காலையில் காப்பி குடித்துக்கொண்டே, "எனக்கு இங்க ஒட்டலை, ரொம்ப நாளாவே ஒட்டலை" என்றார். சாயங்காலம் பெட்டியோடு கிளம்பினார். சின்னவன் அவரோடு இருக்கிறான். மூத்தவள் எங்கள் இருவர் மேலும் கோபமாக இருக்கிறாள், பிறந்தநாளுக்கு மட்டும் கூப்பிடுகிறாள். என்னுடைய குறை சொல்லும் பழக்கம்தான் அவரை ஒட்டவிடாமல் செய்ததோ என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இன்ஸ்பெக்டர் என்று அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன்னிடம் எப்படிச் சொல்வேன்? நாலு பேர் இருக்கிறோம் என்று உனக்கு வாக்குக் கொடுத்தவள் நான். அதை நம்பித்தான் காலையில் எழுகிறேன் என்று நீ முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டாய். உன்னிடம் இருந்த அந்த ஒன்றையும் நானே பிடுங்குவதா? வர முடியாது என்று எழுதினாலும் காரணம் கேட்பாய். அதனால் குறை சொன்னேன். எனக்குத் தெரிந்தது அதுதானே. குறை சொன்னால் நீ இன்னொரு இடம் பார்ப்பாய், இன்னொரு கடிதம் வரும். மே மாதம் வராமலே போய்விட்டால் நல்லது என்று நினைத்தேன்.

அணைக்கரை இடத்தில் ஒரு குறையும் இல்லை தம்பி. குழாய் தொண்ணூறு அடி ஒரு தூரமா? அந்தப் படத்தில் நீ அத்தானுக்குப் பெருக்கல் குறி போட்டிருந்தாய். அதைப் பார்த்துவிட்டு எனக்கு வேறு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

கிளினிக்கிலிருந்து வந்து கதவைத் திறந்தால் வீடு அப்படியே இருக்கிறது. காலையில் வைத்த தம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கிறது. எதிர்க் கட்டடத்தில் யாரோ பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். அந்தச் சத்தத்துக்காகவே ஜன்னலைத் திறந்து வைக்கிறேன். முன்பு பக்கத்துக் கூடாரக்காரர்களைத் திட்டியவள் நான்தான்.

கம்பி பிடிக்க என் முழங்காலும் இடுப்பும் போதுமா என்று தெரியவில்லை. வருகிறேன்.

அக்கா


மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ எழுதியதுதான் எனக்குப் போதும், இனி நாம் கிளம்பும் இருபத்தைந்தாம் தேதிவரை ஆறுதல் சொல்லி உன்னை அலுக்க வைக்க மாட்டேன்.

கணக்கில் நீ ஒரு தப்புச் செய்துவிட்டாய். நாலு பேர் இருக்கிறோம் என்று நீ சொன்னபோது அத்தான் வண்டி எடுக்கப் போயிருந்தார், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். வராந்தாவில் நீ மட்டும்தான் நின்றாய். மற்ற மூன்று பேரும் இல்லாமல் போனது எனக்கும் வலிக்கிறது, வலிக்கவில்லை என்று பொய் எழுத மாட்டேன். ஆனால் என்னிடமிருந்து நீ எதையும் பிடுங்கவில்லை.

இருபத்தைந்தாம் தேதி காலை எட்டு மணிக்கு உன் புது வீட்டு வாசலில் நிற்பேன். நீ செய்ய வேண்டியது அந்தப் பக்கத்துக் கம்பியைப் பிடிப்பது மட்டும். உட்கார்ந்துகொண்டே பிடிக்கலாம், ஸ்டூல் கொண்டு வருகிறேன். சின்னக் கூடாரம் வாங்கலாமா என்று யோசித்தேன், வேண்டாம். உள்ளே நடுவில் நிறைய இடம் காலியாகத்தான் கிடக்கும். கிடக்கட்டும். திரும்பும்போது காரில் குறைப் பட்டியலை வாசி. ஒன்றையும் விடாமல் வாசி, நான் வாயைத் திறக்க மாட்டேன்.

நேற்று மறுபடி போய் நாலாம் எண்ணில் நின்று பார்த்தேன். தரை கொஞ்சம் சாய்வு, குமிழி ஒரு பக்கமாக ஓடுகிறது. வலப்பக்கம் மூன்றாம் எண்ணில் ஒரு பெரிய குடும்பம், பதினோரு பேர். ரிஜிஸ்டர் அம்மாவிடம் விசாரித்தேன், அவர்கள் மாத முடிவுவரை இருப்பார்களாம். வாய் ஓயாமல் அசைந்துகொண்டே இருந்தது, ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். அரை மணி நேரம் வேலியோரம் நின்றேன். என் காதுக்கு ஒரு சொல்லும் எட்டவில்லை.

சாயங்காலம் நாம் கூடார வாசலில் உட்காருவோம். அவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று நீ கேட்டு எனக்குச் சொல்ல வேண்டும். என் இடது காது கொஞ்சம் பரவாயில்லை. அந்தப் பக்கம் உட்கார்.

தம்பி